படைக்கலக் காப்பு: வேல் முதல் துவக்கு வரை

படைக்கலத்தை ஆக்குதல் ஒரு தொழில். ஆக்கியதை அடக்கி வைத்தல் பிறிதொரு தொழில். முன்னையதை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும்; பின்னையதைப் பெரும்பாலும் பேசா.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டுப் புறநானூற்றில் உளது. ஆங்கே வேல்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் இருந்தன. இரும்புக்குப் பகை துரு. அக்காலத்துக் காப்பு, படைக்கலத்தைக் காப்பதேயாம்.

வெடிமருந்தின் வரவால் இந்நிலை மாறிற்று. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றன் கலவையாகிய அது, ஈரம் பட்டாற் பயனற்றுப்போம். உலர்ந்திருந்தால் ஒரு பொறிக்கே வெடிக்கும். எனவே அதனைக் காப்பவன், அயலாரை அதனிடமிருந்து காக்கும் கடமையும் உடையவனாயினான்.

இவ்வுண்மையை ஒல்லாந்தர் தம் நாட்டிலேயே பேரிழப்பாற் கற்றனர். டெல்வ்ற் நகரினுள்ளே பழைய கன்னியர் மடமொன்றிற் சேமித்திருந்த வெடிமருந்து 1654 ஒக்ரோபர் 12ஆம் நாள் வெடித்தது. நகரின் பெரும்பகுதி பாழாயிற்று. ஓவியர் காரெல் பவ்ரீற்சியசு உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பகைவர் எவரும் முற்றுகையிட்டிலர். வைத்த இடமே பகையாயிற்று. 1660இற் புதிய மருந்துச்சாலை நகர்க்குப் புறத்தே, நீர் சூழக் கட்டப்பட்டது.

அவ்வெடிப்பு நிகழ்ந்து நான்காண்டு நிரம்புமுன், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். நெடுந்தீவுக்கு அவர் இட்ட பெயரும் டெல்வ்ற் என்பதே. பின்னர் அவர் ஐங்கோண வடிவிற் கட்டிய கோட்டையின் மதிலுக்குள்ளே தேவாலயமும் மனைகளும் அமைந்தன. மக்கள் வாழும் அத்தகைய இடத்தில், பீரங்கியை எங்கே நிறுத்துவது என்பதினும் மருந்தை எங்கே வைப்பது என்பது சிறிய வினாவன்று.

காலப்போக்கிலே துவக்கு கோட்டையினின்று குடிமனைக்கும் வந்தது. பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், அதனை வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டுமென விதித்தது. ஆயினும் வீட்டினுள்ளே நாள்தோறும் செய்ய வேண்டிய காவல் வீட்டுக்காரனுடையதே. தோட்டாவை நீக்கித் துவக்கைப் பூட்டிவைத்தலும், தோட்டாவை வேறிடத்திற் பூட்டிவைத்தலும், திறவுகோல் சிறுவர் கைக்கு எட்டாது காத்தலும் அக்காவலின் கூறுகள். டெல்வ்ற் நகர் நூறு உயிரை ஈந்து கற்ற பாடமும் இதுவே: பிரித்து வை, விலக்கி வை.

நகையையும் காணி உறுதியையும் பெட்டகத்திற் பூட்டிக் காத்தவர் யாழ்ப்பாணத்தார். பூட்டு அவர்க்குப் புதியதன்று. ஆனால் நகைக்கு இடும் பூட்டு நகையைக் காக்கும். துவக்குக்கு இடும் பூட்டோ வீட்டாரைக் காக்கும்.