திபெத்து மக்களின் மொழியும் பண்பாட்டுரிமையும்

ஒரு மக்களினத்தின் பண்பாடு நிலைபெறுதற்கு அதன் நூல்கள் அழியாது காக்கப்படுதல் மட்டும் போதுமா, அந்நூல்களைத் தம் மொழியிலேயே பயிலும் இளந்தலைமுறையும் வேண்டுமா என்பது வரலாற்றாசிரியரும் மொழியறிஞரும் ஒருங்கே ஆராய்தற்குரிய வினா. திபெத்து மக்களின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

திபெத்திய எழுத்து கி. பி. ஏழாம் நூற்றாண்டில், சோங்சன் காம்போ என்னும் மன்னன் காலத்தில், இந்திய எழுத்துமுறையைத் தழுவி அமைந்தது. அதனை வகுத்தவர் தோன்மி சம்போடர் என்பது அந்நாட்டு மரபு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சம்யே மடம் எழுந்தபின், பௌத்த நூல்களை மொழிபெயர்த்தல் அரசின் பணியாகவே நடைபெறலாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடசொற்களுக்கு நேரான திபெத்தியச் சொற்களை வரையறுக்கும் 'மகாவியுத்பத்தி' என்னும் தொகுதி உருவாயிற்று; அதன்கண் ஏறத்தாழ 9,500 சொற்களும் தொடர்களும் உள. 'புத்தர்' என்னும் பெயரையும் அவர்கள் கடன்கொள்ளவில்லை. 'சங்யே' எனத் தம் மொழியில் ஆக்கியே வழங்கினர். அருங்கருத்துகளைத் தம் சொல்லாலேயே உரைக்கும் இவ்வுறுதி திபெத்தியப் பண்பாட்டின் அடித்தளமாயிற்று.

இம்மொழிபெயர்ப்புகள் பின்னர் 'கஞ்சூர்', 'தஞ்சூர்' என்னும் இரு பெருந்தொகைகளாக அமைந்தன. முன்னது புத்தர் அருளுரைகளையும், பின்னது ஆசிரியர் பலர் இயற்றிய நூல்களையும் உரைகளையும் கொண்டது. இரண்டும் சேர்ந்து முந்நூறு மடலங்களுக்கு மேற்படும். இவற்றுடன் தமிழகத்திற்கும் தொடர்புண்டு. காஞ்சியை அடுத்த பகுதியிற் பிறந்தவர் எனத் திபெத்திய மரபு கூறும் திக்நாகரின் 'பிரமாணசமுச்சயம்' முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்புகளிலேயே ஆகும். பல்லவர் காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் 'காவியாதரிசம்' பதின்மூன்றாம் நூற்றாண்டில் திபெத்தியத்தில் ஆக்கப்பட்டு, அம்மொழியின் அணியிலக்கணத்திற்கு அடிப்படையாயிற்று. அந்நூலே தமிழில் 'தண்டியலங்காரம்' தோன்றவும் முதனூலாயிற்று என்பது தமிழ் மாணவர் அறிந்தது.

இனி இருபதாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளை நோக்குவோம். 1951 ஆம் ஆண்டு மே மாதத்தில் பெய்ஜிங்கில் கையெழுத்தான பதினேழு கூற்று உடன்படிக்கையின் ஏழாம் கூற்று மடங்களுக்குக் காப்பளிப்பதாகவும், ஒன்பதாம் கூற்று திபெத்திய மொழியையும் கல்வியையும் படிப்படியாக வளர்ப்பதாகவும் உரைத்தது. ஆயினும் 1959 மார்ச்சுத் திங்களில் லாசாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி படைவலியால் அடக்கப்பட்டது. தலாய் லாமா இந்தியாவை அடைந்தார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 பேர் நாடு நீங்கினர். ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை அவ்வாண்டிலேயே, திபெத்து மக்களின் அடிப்படை மனித உரிமைகளையும் அவர்தம் தனித்த பண்பாட்டு வாழ்வையும் சமய வாழ்வையும் மதிக்குமாறு தீர்மானம் இயற்றியது. 1961, 1965 ஆம் ஆண்டுகளிலும் இக்கருத்து வலியுறுத்தப்பட்டது. பண்பாட்டுரிமை மனித உரிமையின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும்.

மடங்களின் அழிவு முற்றிலும் 1966 இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின் விளைவே என்பார் உளர். இது பொருந்துவதன்று. நாட்டிலேயே தங்கியிருந்த பத்தாம் பஞ்சன் லாமா 1962 இல் சீன அரசிற்கு அளித்த விண்ணப்பத்தில், முன்னர் 2,500-க்கு மேற்பட்டிருந்த மடங்களுள் எழுபதளவே எஞ்சின எனக் குறித்துள்ளார். அவ்விண்ணப்பத்தின் பயனாக அவர் கண்டனத்திற்கு ஆளாகிப் பின்னர்ப் பல்லாண்டு சிறையில் வாடினார். பண்பாட்டுப் புரட்சி எஞ்சியவற்றையும் சிதைத்தது என்பதே வரலாறு.

நாடு நீங்கியோர் செய்த முதற்பணிகளுள் ஒன்று பள்ளி நிறுவுதல். 1960 இல் முசௌரியில் முதற்பள்ளி தோன்றிற்று. 1967 இல் சாரநாத்தில் உயர்கல்வி நிலையமும், 1970 இல் தருமசாலையில் திபெத்திய நூலகமும் நிறுவப்பட்டன. சேரா, திரேபுங், காந்தென் என்னும் பெருமடங்கள் கருநாடக மாநிலத்தில் மீண்டும் எழுந்தன. சாரநாத்து அறிஞர் திபெத்திய வடிவத்தின் துணைகொண்டு மறைந்த வடநூல்களை மீட்டமைத்தனர்.

திபெத்திலும் 1980-க்குப்பின் மடங்கள் பல புதுப்பிக்கப்பட்டன. பெய்ஜிங்கிலேயே தஞ்சூரின் ஒப்புநோக்குப் பதிப்பு 1994 முதல் 2008 வரை வெளிவந்தது. இது போற்றற்குரிய பணியே. எனினும் நூலைப் பதிப்பித்தலும் மொழியைப் பயிற்றுவித்தலும் ஒன்றல்ல. 1982 ஆம் ஆண்டுச் சீன அரசியலமைப்பின் நான்காம் பிரிவு ஒவ்வோர் இனத்தவரும் தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமையுடையர் என்கின்றது. அவ்வுரிமையின்படி திபெத்திய மொழிக்கல்வி வேண்டிய வணிகர் டாஷி வாங்சுக் 2016 இல் சிறைப்பட்டு, பிரிவினையைத் தூண்டினார் என்னும் குற்றச்சாட்டின்மீது ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, 2021 இல் விடுபட்டார். ஏறத்தாழ பத்து இலட்சம் திபெத்தியச் சிறார் சீன மொழியே மேலோங்கும் உறைவிடப் பள்ளிகளால் தம் குடும்பத்தினின்றும் மொழியினின்றும் பிரிக்கப்படுகின்றனர் என ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் மூவர் 2023 இல் கவலை தெரிவித்தனர். சிதறி வாழும் மக்களுக்குக் கல்வி அளிக்கவே இப்பள்ளிகள் அமைந்தன என்றும், சேர்தல் பெற்றோர் விருப்பமே என்றும் சீன அரசு மறுக்கின்றது. சிற்றூர்ப் பள்ளிகள் மூடப்பட்ட இடத்தில் விருப்பம் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்பது ஆராய்தற்குரியது.

எனவே, திபெத்தியப் பண்பாடு அழிந்தது என்றலும் இடரின்றி வாழ்கின்றது என்றலும் உண்மையாகா. அதன் நூல்கள் இந்தியாவிலும் சீனத்திலும் காக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பொருளுணர்ந்து படித்தற்குரிய மொழியறிவு அடுத்த தலைமுறைக்குச் சென்று சேருமா என்பதே இன்றைய சிக்கல். தாய்மொழியிற் கற்கும் உரிமை மறுக்கப்படின், முந்நூறு மடலங்களும் பிறநாட்டு ஆராய்ச்சியாளர்க்குரிய பழம்பொருளாய் முடியும்; அவ்வுரிமை நிலைபெறின் அவை ஒரு மக்களின் வாழும் இலக்கியமாய்த் தொடரும்.