குழலும் குந்தாவும்

இரும்பை இறைவன் மனிதகுலத்துக்கு அருளிய செய்தியை ஸூரத்துல் ஹதீதின் 25ஆம் வசனத்தில் காண்கிறோம். அவ்வசனத்தில் இரும்பு தனித்து வரவில்லை. முதலில் வேதம் கூறப்படுகிறது, அடுத்துத் தராசு, மக்கள் நீதியில் நிலைபெற வேண்டும் என்னும் நோக்கம் அதன்பின். இவ்வளவும் சொல்லப்பட்ட பிறகே, கடும் வலிமையும் மக்களுக்குரிய பயன்களும் கொண்ட இரும்பு பேசப்படுகிறது. தராசு இல்லாத கையில் இரும்பு சேரலாகாது என்பதே இவ்வரிசை நமக்கு உணர்த்தும் பாடம்.

இந்த வசனத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நமக்குக் கல்வராயன் மலை நினைவுக்கு வருகின்றது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் அம்மலையின் சிற்றூர்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்டன என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருவதுண்டு. உடன் வெளியாகும் படத்தில் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும். குழல்கள் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். அவற்றைத் தாங்கும் கட்டைகளோ ஒன்றைப்போல் ஒன்று இரா. குழல் தலைமுறைகளைக் கடந்து வருவது. கட்டை உடைந்தும் உளுத்தும் போய், மீண்டும் மீண்டும் புதிதாகப் பொருத்தப்படுவது. துப்பாக்கியின் வரலாற்றை எழுதியோர் குழலையே எழுதினர். நாம் இங்கே கட்டையைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘துப்பாக்கி’ என்பது துருக்கியரின் ‘துஃபெக்’ என்னும் சொல்லின் வழிவந்தது. அரபியர் ‘புந்துக்கிய்யா’ என்றும், வடநாட்டார் ‘பந்தூக்’ என்றும் வழங்குவர். இவ்விரண்டுக்கும் வேர் ‘புந்துக்’. அது கிரேக்கர் வழியாக அரபிக்கு வந்த ஒரு கொட்டையின் பெயர். கொட்டையளவு உருட்டிச் சுட்ட களிமண் உருண்டைக்கும் அப்பெயரே ஆயிற்று. அவ்வுருண்டையை வில்லில் வைத்துப் பறவைகளை அடிப்பது பக்தாதில் பெருவழக்கு. அப்பாஸியக் கலீஃபா நாசிர் (ஆட்சி 1180–1225) அதை வீரர் குழாங்களுக்குரிய தனிச்சிறப்பாகவே ஆக்கி வைத்தார். மண்ணுருண்டையின் பெயர் பின்னர் ஈயக் குண்டுக்கும், அதன்பின் அதைச் சுடும் கருவிக்கும் ஏறியது.

பெயரோடு மஸ்அலாவும் ஏறியது. கூர்முனையால் அன்றி அடியால் செத்த பிராணி ஹராம் என்பது மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் காட்டும் விதி. ஆதலின் மண்ணுருண்டையால் செத்த வேட்டைப் பிராணி கூடாது என்றனர் ஃபுகஹாக்கள். ஈயக் குண்டு வந்தபோது, அது அடியா, துளைப்பா என்ற கேள்வி பிறந்தது. மாலிகி அறிஞர் பலர் துளைப்பே என்று கூறி ஆகுமாக்கினர். 1836இல் மறைந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் அதை ஏற்கவில்லை. உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டால் வழக்கே இல்லை.

இனிக் கட்டையின் பெயர். உருதுவில் துப்பாக்கிக் கட்டைக்குக் ‘குந்தா’ என்று பெயர். இது பார்சிச் சொல். மரத்துண்டு என்பது இதன் நேர்ப்பொருள். குற்றவாளியின் காலை மாட்டிப் பூட்டும் தொழுமரத்துக்கும் பார்சியில் இதே பெயர் உண்டு. ஒரே மரத்துண்டு ஒருவன் தோளில் ஆயுதமாகவும், மற்றொருவன் காலில் விலங்காகவும் நிற்கின்றது. இப்பொருத்தத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நம் நாட்டின் பழைய திரித்துப்பாக்கியில் கட்டை மெலிந்து நேராக இருக்கும். குழலைத் தோல்வாராலோ உலோகப் பட்டையாலோ அதன்மேல் கட்டிவிடுவர். மேலைநாட்டார் கட்டையை வளைத்துத் தோளில் அண்டக் கொடுத்தனர். ஆணியும் திருகும் இட்டு இறுக்கினர். கட்டும் முறையில் ஒரு நன்மை இருந்தது. கட்டை முறிந்தால் அவிழ்த்து, ஊர்த் தச்சர் செதுக்கிய புதுக்கட்டையில் அதே குழலை மறுபடி கட்டலாம்.

மைசூர் அரசு இக்கலையில் மிக முன்னேறியது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தொழிற்கூடங்களில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் மேலைநாட்டு முறையில் கட்டையிடப்பட்டவை; புலிவரி அணியும் மவ்லூதி ஆண்டுக் கணக்கும் பொறிக்கப்பட்டவை. அவருடைய படை நம் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கும் வந்தது. 1790இல் தியாகதுர்க்கம் மலைக்கோட்டையை அது தாக்கியது. கேப்டன் பிளின்ட் என்னும் ஆங்கிலத் தளபதி காத்து நின்றமையால் கோட்டை விழவில்லை. ஒன்பதாண்டு கழித்து, 1799 மே 4இல், ஸ்ரீரங்கப்பட்டணமே விழுந்தது.

அதன்பின் வந்த அரசு முதலில் கவலைப்பட்டது, மக்கள் கையிலுள்ள ஆயுதத்தைப் பற்றியே. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 இறுதியில் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடுக்கப்பட்டது. 1857க்குப் பின் அவநம்பிக்கை இன்னும் ஆழமாயிற்று. இந்தியச் சிப்பாய்க்கு வரிக்குழல் கொண்ட என்ஃபீல்டு கொடுக்க மனமின்றி, அதே தோற்றத்தில் உள்வரி இல்லாத வெறுங்குழல் துப்பாக்கியைக் கொடுத்தனர். 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியனுக்கு அது தேவையில்லை.

இந்த அவநம்பிக்கை மரத்திலேயே செதுக்கப்பட்டதை இச்சாப்பூரில் காண்கிறோம். வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள அத்தொழிற்சாலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ‘.303’ லீ-என்ஃபீல்டு ரைபிள் செய்யப்பட்டது. அதன் கட்டைக்குச் சிறந்த மரம் அக்ரூட்; அரபியில் ‘ஜவ்ஸ்’ என்போம். நன்கு உலர்ந்தால் திருகாது. சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் எளிதில் பிளக்காது. வலிமையைப் பார்க்கக் கனம் குறைவு.

இந்த ரைபிளின் கட்டை ஒரே மரமன்று. தோளில் பதியும் அடிக்கட்டை வேறு. குழலைத் தாங்கும் முன்கட்டை வேறு. அடிக்கட்டையை ஒரு நீண்ட திருகாணி எஃகுச் சட்டத்தோடு பிணைக்கும். அத்திருகாணியின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத் தகட்டில் பூட்டிக்கொள்ளும். ஆதலின் முன்கட்டையை முதலில் கழற்றாமல் அடிக்கட்டையின் திருகாணியைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். அறியாதவர் கையில் பாழான கட்டைகள் பல. முன்கட்டையின் பின்முனையில் எஃகு அண்டும் இரு இடங்கள் உள. பின்னுதைப்பு முழுவதையும் தாங்குபவை அவையே. இரண்டிலும் எஃகு சமமாகப் பதிய வேண்டும். ஒருபக்கம் மயிரிழை இடைவெளி இருப்பினும் மறுபக்கமே உதையை வாங்கும், மரம் விரியும், குறியும் பிழைக்கும்.

இதனால்தான் ஒரு ரைபிளுக்கு இசைந்த முன்கட்டை மற்றொன்றுக்கு அப்படியே இசைவதில்லை. ரைபிளின் எண்ணையே முன்கட்டையிலும் பொறித்து வைத்தனர். ராணுவம் கழித்த பழங்கட்டையை வேறொரு குழலுக்குப் பொருத்துவோர் எஃகில் கரி பூசி, மரத்தில் வைத்து எடுத்து, கரி பட்ட மேட்டை மட்டும் சுரண்டி, மீண்டும் வைத்துப் பார்ப்பர். மரத்தை எடுத்தால் திரும்ப ஒட்ட இயலாது. எனவே பொறுமையே இத்தொழிலின் முதற்கருவி. முடிந்ததும் ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை தேய்த்து ஊறவைப்பர். மேலைநாடுகளில் இன்று இதைப் பொழுதுபோக்காகவே செய்வோர் பலர்.

அதே இச்சாப்பூரில் வேறொரு மரவேலையும் நடந்தது. காவலர்க்கும் காவற்பணியாளர்க்கும் கொடுப்பதற்காக .303 ரைபிளின் உள்வரியை அழித்து, ‘.410’ மஸ்கட்டாக மாற்றினர். பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியின் இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்தனர். ஒருமுறைக்கு ஒரு தோட்டாதான். கலகக்காரர் கையில் சிக்கினாலும் ராணுவத் தோட்டா அதில் பொருந்தாது. ஆயுதத்தைக் கொடுத்த கையே அதற்குத் தொழுமரத்தையும் பூட்டிற்று! அந்தக் .303இன் காலமும் கழிந்து வருகின்றது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளோடு அதற்கு விடை கொடுத்தது.

இப்போது கல்வராயன் மலைக்குத் திரும்புவோம். அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தனர். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1976இல், அம்மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாமையும் வரகும் ராகியும் விளைவித்து வாழ்ந்த மக்கள் அவர்கள். இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் ஓராண்டு உணவு ஓரிரவில் போகும். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுக்கு வேட்டைக் கருவி, வேலியும் அதுவே.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அந்நியர் சட்டத்தின் இடத்தில் வந்தது. உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. உரிமம் இன்றி அதைச் செய்யவோ விற்கவோ மாற்றவோ பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொள்ளவோ கூடாது என்றது. ஊர்ப் பட்டறையில் உடைந்த துப்பாக்கிக்குக் கட்டை போட்டுப் பிழைத்த தச்சரும் இதற்குள் வந்துவிடுகிறார். இச்சட்டம் வேண்டியதே. கள்ளத் துப்பாக்கி வெடித்துக் கண்ணிழந்தவனும், இருளில் பன்றியென்று எண்ணிச் சுட்ட குண்டுக்குப் பலியானவனும் உள்ள நாட்டில், அதை வேண்டாமென்று எவரும் கூறார்.

ஆயினும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. உண்மையாகவே பயிரைக் காக்க வேண்டி வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு, தக்க தடை இல்லாவிடில் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவ்வுரிமம் விலங்கைக் கொல்ல இசைவு ஆகாது. ஓசையால் விரட்டவே உதவும். மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகர்களுக்கு ஆங்கிலேயர் அளித்த விதிவிலக்கோ இன்றும் தொடர்கிறது. நடுவண் அரசு அதை 2029 வரை நீட்டித்துள்ளது. குடகர் தம் உரிமையை எழுதிக் கேட்கத் தெரிந்தவர். கல்வராயன் மலையின் எளிய உழவருக்கு விண்ணப்பம் எழுத ஆளில்லை. வாயில் இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர் அறிந்ததெல்லாம் இரண்டு: துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள் என்னும் காவல்துறையின் அறிவிப்பு; ஒப்படைக்காவிடில் சிறை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் அம்பினால் மூவர் சுவனம் புகுவதாகக் கூறிய நபிமொழியைத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் காண்கிறோம். அம்மூவருள் நன்மையை நாடி அம்பைச் செய்த தொழிலாளியும் ஒருவர். எய்பவனோடு செய்பவனையும், அவன் நிய்யத்தையும் மார்க்கம் கணக்கில் கொள்கிறது. படத்தில் வரிசையாகக் கிடக்கும் துப்பாக்கிகளைக் கண்டவுடன் ‘குற்றவாளிகள்’ என்று கூறிவிடும் நாம், எதற்காக அந்தக் கட்டை அந்தக் குழலோடு பொருத்தப்பட்டது என்று கேட்பதில்லை. கொலைக்காகப் பொருத்தியவன் உண்டு. களவு வேட்டைக்காகப் பொருத்தியவன் உண்டு. பிள்ளைகளின் கஞ்சிக்காகப் பொருத்தியவனும் உண்டு. தராசு இருப்பது இவர்களைப் பிரித்தறியவே.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளில் நம் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. எழுதப் படிக்கக் கற்ற இளைஞர் வீட்டுக்கு ஒருவர் உளர். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் உழவருக்குச் சட்டத்தின் இந்த வாயிலை எடுத்துச் சொல்லி, ஒரு விண்ணப்பத்தை முறையாக எழுதித் தருவது அவர்களால் ஆகாத காரியமன்று. உரிமம் கிடைக்காவிடினும், ஆபத்தான கள்ளத் துப்பாக்கியை அச்சமின்றி ஒப்படைக்க அவருக்குத் துணை நிற்கலாம். நாம் கற்ற கல்விக்கு அது ஸதக்காவாகும்.

இரும்போடு தராசையும் இறக்கிய வல்ல அல்லாஹ், அத்தராசைச் சமனாகப் பிடிக்கும் பேற்றை நமக்கும் நம்மை ஆள்வோருக்கும் அருள்வானாக! ஆமீன்.