எழுத்துக்குப் போட்ட பூட்டு

மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு தான் சே யான் என்ற சீன வணிகர் ரப்பர் கன்றுகளை நட்டார். நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று வரலாறு குறிப்பிடுவது அதைத்தான். அவரை ஊக்குவித்து விதை கொடுத்தவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் சீவல் முறையை வகுத்தவரும் அவரே. அந்த முறை தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் நம் பாட்டன் பாட்டிமார் அதைக் கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்தனர்.

"இப்படிச் சாய்வாகச் சீவும் முறை எனக்கே சொந்தம். கத்தி உன்னுடையதாக இருந்தாலும் எனக்குப் பணம் கட்டு" என்று ஒருவர் 20 ஆண்டுகளுக்குத் தடை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மென்பொருளுக்கு வழங்கப்படும் காப்புரிமம், அதாவது பேட்டண்ட், செய்வது இதைத்தான்.

பதிப்புரிமை வேறு, காப்புரிமம் வேறு. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் நகலெடுப்பதைப் பதிப்புரிமை தடுக்கிறது. அதே வேலையைச் செய்யும் மற்றொரு நிரலைச் சொந்தமாக எழுதத் தடையில்லை. காப்புரிமமோ வழிமுறைக்கே வேலி போடுகிறது. சுயமாகச் சிந்தித்து எழுதினாலும் அது அத்துமீறல்தான். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று இலவசமாக வழங்கப்படும் திறந்த மூல மென்பொருளுக்கு இதுவே பெரிய மிரட்டல்.

தமிழ் முதலில் சந்தித்தது வேறொரு பூட்டு. 1980, 90களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒன்றில் தட்டிய கடிதம் மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999 சென்னை மாநாட்டில் 'டாம்', 'டாப்' என்ற தர முறைகள் வகுக்கப்பட்டன. இணையத் தமிழர்கள் 'திஸ்கி'யை உருவாக்கினர். 2000இல் 'உத்தமம்' அமைப்பு பிறந்தது. மறு ஆண்டே கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 'முரசு அஞ்சல்' தந்த நம் நாட்டு முத்து நெடுமாறனும் இதற்காக உழைத்தவர்களில் ஒருவர். கடைசியில் யுனிகோட் எல்லாருக்கும் பொதுவான முறையாக நிலைத்தது. ஆக, அந்தப் பூட்டை உழைப்பால் திறக்க முடிந்தது.

இரண்டாவது பூட்டு எழுத்துருவுக்குள்ளேயே இருந்தது. ஆப்பிள் நிறுவனம் உருவாக்கிய 'ட்ரூடைப்' எழுத்துருவில், சிறிய அளவிலும் சுழியும் வளைவும் தெளிவாகத் தெரிவதற்கான கட்டளைகள் உண்டு. லினக்ஸ் கணினிகளில் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவரும் 'ஃப்ரீடைப்' என்ற திறந்த மூல நிரலுக்கு அந்தக் கட்டளைகளை நிறைவேற்றத் தெரியும். ஆனால், ஆப்பிளின் காப்புரிமங்கள் காரணமாக அந்தப் பகுதியை முடக்கி வைத்தே நிரலை வெளியிட வேண்டியிருந்தது. 2010 மே மாதம் காப்புரிமங்கள் காலாவதியாயின. ஜூலையில் வந்த பதிப்பில்தான் பூட்டு கழன்றது. அறிவும் இருந்தது, நிரலும் இருந்தது. சட்டம்தான் கையைக் கட்டியிருந்தது.

ஆசிரியர் பள்ளிக்கும் வீட்டுக்கும் எடுத்துச் செல்லும் பென் டிரைவ்கூடத் தப்பவில்லை. கோப்புகளுக்கு நீண்ட பெயர் வைக்கும் முறைக்குக் காப்புரிமம் வைத்திருந்த மைக்ரோசாப்ட், 2009இல் லினக்ஸைப் பயன்படுத்திய டாம்டாம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு மாதத்திற்குச் சற்று மேல், டாம்டாம் பணம் கட்டி இணங்கிப் போனது. அதே மைக்ரோசாப்ட் 2018இல், லினக்ஸைக் காக்கும் கூட்டமைப்பில் 60,000க்கும் மேற்பட்ட காப்புரிமங்களுடன் சேர்ந்தது. காலம் மாறியது உண்மை. ஆனால், ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தை நம்பி ஒரு மொழி வாழ முடியுமா?

மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. மென்பொருள் காப்புரிமத்துக்கு வழிவிட்ட 2004ஆம் ஆண்டு அவசரச் சட்டப் பிரிவை இந்திய நாடாளுமன்றம் மறு ஆண்டே கைவிட்டது. 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இத்தகைய சட்ட வரைவை 648க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது. நம் அரசாங்கமும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆனால், 1983ஆம் ஆண்டு காப்புரிமச் சட்டத்தின் 13ஆவது பிரிவில், காப்புரிமம் பெற முடியாதவை என்ற பட்டியலில், கணிதமுறையும் வணிகமுறையும் இருக்கின்றன. கணினி நிரல் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை.

மலாக்காவில் தோட்டங்கள் கைமாறுகின்றன, வீடமைப்புப் பகுதிகளாகின்றன. தோட்டத்தின் பெயர் இனி ஆலயக் கணக்கிலும், பள்ளி ஆண்டு மலரிலும், சங்கக் கூட்டக் குறிப்பிலும்தான் மிஞ்சும். அவை இன்று கணினிக் கோப்புகள். யுனிகோடில் தட்டுங்கள்; எந்த நிறுவனமும் சாவி வைத்திராத திறந்த கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். பேரப்பிள்ளைகள் அதைத் திறக்கும் நாளில், பூட்டுக்காரரைத் தேடி அலையும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.