சித்தியவான் காட்டில் ஒரு பாதிரியார்

ஆயர் தாவாரிலிருந்து சித்தியவானுக்கு நம்மவர் அன்றாடம் போய் வருகின்றனர். அவ்வூர் எவ்வாறு உண்டாயிற்று என வினவுவோர் மிகச் சிலரே. அவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

1903-ஆம் ஆண்டில் பேராக் அரசாங்கம் நெல் விளைவிக்கத்தக்க குடியானவரை நாடிற்று. அக்காலத்தில் சீன தேசத்துப் பூச்சோவ் வட்டாரத்து ஏழை மக்களுக்கோ பிழைக்க நிலம் இல்லை. இவ்விரு தேவைகளையும் இணைத்தவர் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த லூரிங் பாதிரியார். ஜெர்மானியரான இவர் பன்மொழி வல்லவர். பூச்சோவுக்கு நேரிற் சென்று ஆட்களைத் திரட்டினார். அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் 363 பேர் சித்தியவானில் வந்திறங்கினர்.

வந்தவரை வரவேற்றது காடு. அங்கே வேதம் போதிப்பதோடு பாதிரிமாரின் கடமை முடியவில்லை. குடியேறியவருக்காக அரசாங்கத்தாரிடம் பேச வேண்டியிருந்தது. கோயிலோடு பள்ளியும் அநாதை இல்லமும் எழுப்ப வேண்டியிருந்தது. நெல் எதிர்பார்த்தபடி பலன் தரவில்லை. பின்னர் வந்த வான்டைக் பாதிரியார் அநாதை இல்லத்தின் செலவுக்கென்று ரப்பர் பயிரிட்டார். குடியேறிய மக்களும் ரப்பரில் இறங்கினர். சொந்த நிலத்தில் சொந்த மரம் நின்றது.

மிஷனுக்குத் தன் சபை வளர வேண்டும் என்னும் நோக்கமும், அரசாங்கத்துக்கு அரிசி வேண்டும் என்னும் நோக்கமும் இருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அத்தொண்டு, தொண்டு பெற்றோரை நிலத்துக்கு உரியவராக்கிற்று. அதனை நாம் மறத்தல் ஆகாது.

அதே காலத்தில் கங்காணியின் பின்னே வந்த நம் முன்னோரும் காடு வெட்டினர். பால் மரம் சீவினர். அவர்தம் உழைப்பு எவர்க்குக் குறைந்தது? ஆனால் அவர்க்குக் கிடைத்தது லயத்து வீடு. அதுவும் வேலை உள்ளவரைக்குமே. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பலர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1960-இல் சுங்கை சிப்புட் சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சிறு சேமிப்பால் தோட்டங்களை வாங்கச் செய்தார். நிலத்தின் அருமையை நம்மவர் உணர்ந்தனர். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதித்து உணர்ந்தனர்.

நாம் தோட்டத்துக் கிராணி. எழுத்து நம் பிழைப்பு. சென்ற ஆண்டு முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். நாற்பதாண்டு உழைத்தவர். அவர் கையில் இருந்தது பழைய சம்பளச் சீட்டு ஒன்றே. வீட்டுக்குக் கிராண்டு இல்லை, மனு எழுதத் துணையும் இல்லை. அவருக்கு நாம் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கந்தான். அதற்கே அவர் கண் கலங்கினார்.

அன்பர்களே! திருவிழாவில் ஒரு வேளைச் சோறிடுதல் நன்று. ஆனால் மனு எழுதுதல், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருதல், நோயாளியை ஆசுபத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியனவும் தொண்டே. கடல் கடந்து வந்த அன்னியர் அயலார்க்குச் செய்ததை, அடுத்த லயத்தில் வாழும் நம்மவர்க்கு நாம் செய்ய இயலாதா?