வாட்ஸ்அப் சேலை வணிகம்

கடை போடாமல், சரக்கு வாங்கி அடுக்காமல், கைப்பேசி வழியே சேலை விற்கும் சிறுதொழில். தமிழ்நாட்டில் வீட்டிலிருந்தபடியே பெண்கள் பலர் இதைச் செய்கிறார்கள். சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை போன்ற நெசவூர்களின் மொத்த வியாபாரிகள் குழுக்களில் படங்களைப் போடுவார்கள். மறுவிற்பனையாளர், பேச்சுவழக்கில் ரீசெல்லர், தம் லாபத்தைச் சேர்த்து விலை போட்டு அதே படத்தை ஸ்டேட்டஸில் வைப்பார். பணம் வந்ததும் பார்சல் பெரும்பாலும் மொத்த வியாபாரியிடமிருந்தே நேராகப் போய்விடும். 2016இல் வந்த யூபிஐ, 2018 ஜனவரியில் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, அதில் 2019இல் சேர்ந்த கேட்டலாக் வசதி ஆகியவை இந்த வேலையை எளிதாக்கின.

தகராறு வருவது நிறத்தில்தான். விளக்கொளியில் படமெடுத்த மாம்பழ மஞ்சள், கைக்கு வரும்போது எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்து, ரவிக்கைத் துணியையும் காட்டும் அரை நிமிட வீடியோவே மேல்; மெருகேற்றிய படங்கள் திரும்பி வரும் பார்சல்களைத்தான் கூட்டும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுக்காவிட்டால் சேதத்துக்கு மாற்றுச் சேலை கிடையாது என்று பலர் நிபந்தனை வைக்கிறார்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. கைத்தறி கேட்டு வாங்குவோர், 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.