கல்லைப் படித்த கதை

கல்லைப் படிப்பது நம்ம ஊருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைச் சாசனங்கள் திருப்புலிவனத்துக்குப் பக்கத்திலேயே, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. உளி படாத கல்லையும் படிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்ட கதையிலும் நம்ம பக்கத்துக் கல்லுக்குப் பங்குண்டு.

1893-ல் ஜார்ஜ் பாரோ என்ற நிலவியலார் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒன்றைக் கவனித்தார். பழைய களிமண் படிவங்கள் பூமிக்குள் அமுங்கி, வெந்து, உருமாறிய பாறைகள் அவை. ஒரு பகுதியில் நீலநிறக் கயனைட். வெப்பம் கூடிய பகுதியில் சிலிமனைட். இந்த இரண்டும், அண்டலூசைட் என்ற மூன்றாவதும் ஒரே சரக்குதான்: அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன். அணுக்களின் அடுக்குமுறைதான் வேறு. ஒரே மாவை ஆவியில் வைத்தால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை என்கிற மாதிரி! அழுத்தம் மிகுந்தால் கயனைட், குறைந்தால் அண்டலூசைட், வெப்பம் மிகுந்தால் சிலிமனைட். மூன்றும் சேர்ந்து நிற்கக்கூடிய நிலை சுமார் 500 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 14 கி.மீ. ஆழத்து அழுத்தம் என்று பிற்பாடு ஆய்வுக்கூடங்களில் கணித்தார்கள்.

அதே 1893-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். அது பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் வகை. அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் பாடநூல்களில் உள்ள பெயர் அது. அதில் கயனைட்டை எதிர்பார்க்க முடியாது. அதற்குக் களிமண் வழிவந்த, அலுமினியம் மிகுந்த பாறை வேண்டும். ஆனால் சார்னோகைட்டில் உள்ள ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் வேறு சாட்சி சொல்கிறது: பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்த கல் இது என்று. அது வெந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிலிமனைட்டே கிடைக்கிறது.

கோயில் கல்வெட்டை உடைத்தால் ஊரே திரண்டு வரும். ஜல்லிக்காக மலையை உடைக்கும்போது போகிற சாசனத்தைக் கேட்பார் யார்? பரங்கிமலைப் பகுதியில் ஓரிடம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இருக்கிறது. மற்ற குன்றுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்நாள் மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்ப் பக்கம் குவாரி இருந்தால், வெளியே கொட்டிக் கிடக்கும் கல்லில் கைப்பிடி அளவு ஒன்று எடுத்து, இடமும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டிக் கல்லூரியில் சேருங்கள். மலை போனாலும் படிக்க ஒரு பக்கமாவது மிஞ்சும்.