குளிர்நீர் தீர்மானிக்கும் சுவை



வடித்தல் என்றதும் நம் கண்முன் வருவது அடுப்பும் கொப்பரையும்தான். ஆனால், அந்தக் கலையில் பாதி வேலை தண்ணீருடையது. எழுந்த ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப நீராக்காவிட்டால், அடுப்பில் வைத்ததெல்லாம் காற்றோடு போய்விடும். நம் சித்த மருத்துவர்களுக்கும் இது தெரியும். ஓமத் தீநீர் வடிக்கும் கருவியை அவர்கள் ‘வாலை’ என்றார்கள்.

ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டில் தாதேயோ அல்தெரோத்தி எனும் இத்தாலிய மருத்துவர், பாம்புபோல் வளைந்த குழாயைக் குளிர்ந்த நீரால் தொடர்ந்து குளிர்விக்கும் முறையை எழுதி வைத்தார். அந்தச் சுருள் குழாய்தான் பின்னாளில் ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிசாலைகளில் பெரிய மரத்தொட்டிகளுக்குள் அமர்ந்தது.

இதற்கு ஏன் இவ்வளவு தண்ணீர் வேண்டும்? 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் எனும் பேராசிரியர் இதற்கு விடை கண்டார். ஆவி நீராக மாறும்போது, தனக்குள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தை எல்லாம் வெளியே கொட்டுகிறது. அதைத்தான் ‘உள்ளுறை வெப்பம்’ என்கிறோம். ஒரு கிலோ நீராவியைத் தண்ணீராக்க, 10 பாகையில் இருக்கும் குளிர்நீர் 50 பாகை வரை சூடேறுவதாக வைத்துக்கொண்டால், சுமார் 14 லிட்டர் தேவை. அதே குளிர்நீர் 30 பாகையில் தொடங்கினால் சுமார் 27 லிட்டர். தண்ணீர் வற்றும் கோடைக்காலத்தில் ஸ்காட்லாந்து வடிசாலைகள் வேலையை நிறுத்தி வைத்ததன் பின்னணியும் இதுதான்.

20-ஆம் நூற்றாண்டில் புதிய வகை கண்டென்சர் பரவியது. ஓர் உருளைக்குள் பல மெல்லிய செப்புக் குழாய்கள். குழாய்களுக்குள் தண்ணீர், வெளியே ஆவி. இடம் குறைவு, பராமரிப்பு எளிது, சூடான நீரை மறுபடி பயன்படுத்தவும் வசதி. பெரும்பாலான வடிசாலைகள் தொட்டியைக் கைவிட்டு இதற்கு மாறின.

அப்படி மாறியவற்றில் ஒன்று டால்வின்னி. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், கடல் மட்டத்திற்கு மேல் 1,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ள வடிசாலை அது. 1986-இல் தன் சுருள் குழாய்த் தொட்டிகளை அகற்றிவிட்டுப் புதிய கண்டென்சர்களைப் பொருத்தியது. கொப்பரையும் தானியமும் அப்படியே இருக்க, வடிந்து வந்த மதுவின் குணம் மட்டும் மாறிப்போனது! கடைசியில் 1995-இல் தொட்டிகளையே மறுபடி வைத்தார்கள்.

காரணம் செம்பு. ஆவி செம்பைத் தொட்டுச் செல்லும்போது அதிலுள்ள கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. புதிய கண்டென்சரில் ஆவி அதிகச் செம்பைத் தொடுவதால் மது மென்மையாகிறது. குளிர்ந்த தொட்டியிலோ ஆவி விரைவில் நீராகிவிடும். செம்பைத் தொடும் வாய்ப்பு குறைவதால் கனமான சுவை தங்கிவிடுகிறது.

டால்வின்னியின் புகழ்பெற்ற விஸ்கி 15 ஆண்டுகள் பீப்பாயில் கிடப்பது. 1986-இல் வடித்தது 15 ஆண்டு விஸ்கியாகக் கடைக்கு வருவது 2001-இல்தான். ஓர் இயந்திரத்தை மாற்றும் முடிவின் பலனோ, வினையோ அத்தனை காலம் பின்தொடர்கிறது. 2009-இல் உற்பத்தியைத் தொடங்கிய ரோசைல் வடிசாலை இந்த விஷயத்தில் விவரமாக நடந்துகொண்டது. அங்குள்ள 14 கொப்பரைகளில் ஆறுக்குச் செப்புக் கண்டென்சர், துருப்பிடிக்காத எஃகுக் கண்டென்சர் என இரண்டுமே உண்டு. வேண்டிய சுவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரிலும் சிறு வடிசாலைகள் தோன்றின. 2018-இல் திறக்கப்பட்ட பிராஸ் லயன் அவற்றுள் ஒன்று. ஸ்காட்லாந்தின் மலையோடை நமக்கு இல்லை. குழாயில் வருவதே 30 பாகைக்கு நெருக்கமான தண்ணீர். அதை ஒருமுறை ஓடவிட்டுச் சாக்கடைக்கு அனுப்பினால் கட்டணம் கையைச் சுடும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கும் ஊருக்கு அது அழகும் அல்ல. குளிர்கோபுரம் வைக்கலாம் என்றால், நம் காற்றின் ஈரப்பதத்தில் அது தண்ணீரை 25 பாகைக்குக் கீழே கொண்டுபோவது அரிது. ஆகவே, ஒரு தொட்டி நீரைக் குளிரூட்டும் இயந்திரத்தால் இரவிலேயே குளிர வைத்து, மறுநாள் சுழற்சி முறையில் பயன்படுத்துவது சிறு தொழிலுக்கு ஏற்ற வழி.

ஆனால், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேவை. நான் வடிக்கப்போவது மென்மையானதா, கனமானதா? டால்வின்னி ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த இடமும் இந்தக் கேள்விதான். தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதல் நாளே அதற்கு விடை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.